நெல் பாக்கி வழக்கு நடுவரிடம் போனபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வயலடியிலேயே நெல்லைப் பிடித்து ஆலைகளுக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர். சேரன்மகாதேவிப் பக்கம் இரண்டு பங்குதாரர்கள் நடத்தும் அரிசி ஆலை ஒன்று. இவர்களுக்குள் ஏழெட்டு வருடக் கொடுக்கல் வாங்கல் இருந்தும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. விலையைப் போனில் பேசுவார்கள், லோடு போகும், பணம் தவணை தவணையாக வங்கிக்கு வரும். பருவம் முடிந்ததும் இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுக் கணக்கை நேர் செய்துகொள்வார்கள்.

அந்தப் பிசானப் பருவத்தில் (இந்தப் பக்கம் நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பருவம்) 14 லோடு போனது. மொத்தம் 900 கோட்டை (இந்தப் பக்கத்து நெல் அளவு). கோட்டைக்கு 2 மூட்டை, ஆக 1,800 மூட்டை. கிலோ 20 ரூபாய். இதுவரை சண்டை இல்லை. மூட்டைக்கு எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, தரகர் கையில் கொடுத்த ரொக்கம் எவ்வளவு என்ற மூன்றில்தான் இரண்டு நோட்டும் ஒட்டவில்லை.

வியாபாரி மூட்டைக்கு 77 கிலோ வைத்து 1,38,600 கிலோ, ₹27,72,000 என்றார். வங்கி வழியாக வந்த ₹17,00,000 போக, பாக்கி ₹10,72,000. ஆலைத் தரப்பு மூட்டைக்கு 75 கிலோதான் என்றது. நெல் சராசரியாக 21 சதவீத ஈரத்தோடு வந்தது, 17-க்கு மேல் போன ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு 2 கிலோ கழிக்க வேண்டும் என்றது. இயந்திர அறுவடை நெல் களத்தில் காயாமல் நேராக லாரி ஏறுவதால், ஈரம் கூடுதலாக வந்தது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதோடு, தரகர் வழியாக இரண்டு தடவையில் ₹3,00,000 ரொக்கம் கொடுத்தாகிவிட்டது என்றும் சொன்னது. அவர்கள் கணக்குப்படி பாக்கி ₹4,84,000.

ரொக்கத்துக்கு ரசீது ஏன் இல்லை என்று பின்னால் கேட்டபோது வியாபாரி சொன்ன பதில் ஒரே வரி: “அண்ணாச்சி வார்த்தைய நம்பித்தான் சீட்டு எதுவும் கேக்கல, எழுதல.”

வழக்குக்கு முன்

கடைசி லோடு போய் நான்கு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் போனது. பதில் வரவில்லை. வியாபாரி உடனே வழக்குப் போட நினைத்தார், முடியவில்லை. சரக்கு விற்பனைப் பாக்கி வணிகத் தகராறு. மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்து, அவசர இடைக்கால நிவாரணம் எதுவும் கேட்காவிட்டால், வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இன் பிரிவு 12ஏ முதலில் சமரசத்துக்கு (பொதுவான ஒருவர் உதவியோடு பேசித் தீர்ப்பது) போகச் சொல்கிறது. அதைத் தாண்டித் தாக்கல் செய்த வழக்குரை (வழக்குப் போடுபவரின் மனு) நிராகரிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கப்பட்டது. ஆலைக்கு இரண்டு முறை அறிவிப்பு போயும் யாரும் வரவில்லை. சமரசம் தொடங்கவே இல்லை என்ற அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் வழக்கு தாக்கலானது. அசல் ₹10,72,000, எட்டு மாத வட்டி 18 சதவீதத்தில் ₹1,28,640, மொத்தம் ₹12,00,640. நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், ஏறத்தாழ ₹36,020.

ஆலை தன் எதிருரையில் (வழக்குக்குத் தந்த எழுத்துப் பதில்) ₹4,84,000 பாக்கி உண்டு என்று எழுதியது. அந்த ஒரு வரிக்கு அப்போது யாரும் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை.

நடுவரிடம் அனுப்பும் முடிவு

எதிருரை வந்தபின் நீதிபதி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 89-இன் கீழ் வேறு வழி உண்டா என்று இரு தரப்பையும் கேட்டார். இந்தப் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடுவர் தீர்ப்பு (நீதிபதிக்குப் பதில், இரு தரப்பும் ஏற்ற ஒருவர் விசாரித்து முடிவு சொல்வது), இணக்க முயற்சி, மக்கள் நீதிமன்றம், நீதிமன்ற வழித் தீர்வு, சமரசம் என்று ஐந்து வழி சொல்கிறது. இதில் சமரசத்துக்கும் நீதிமன்ற வழித் தீர்வுக்கும் உரிய விளக்கங்கள் எழுத்துப் பிழையால் இடம் மாறிக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் எடுத்துச் சொன்னது. பிரிவை மட்டும் வாசித்துவிட்டு வாதாட வருகிறவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு.

அதே 2010 தீர்ப்பில் இந்த வழக்குக்கு வேண்டிய இரண்டு செய்திகள் இருக்கின்றன. முன்கூட்டியே நடுவர் ஒப்பந்தம் இல்லாத வழக்கை, எல்லாத் தரப்பும் சம்மதிக்காமல் நீதிமன்றம் நடுவரிடம் அனுப்ப முடியாது. சமரசத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ அனுப்ப அப்படிச் சம்மதம் தேவையில்லை. இரண்டாவது, நடுவரிடம் அனுப்பப்பட்ட வழக்கு நீதிமன்றத்தை விட்டு நிரந்தரமாக வெளியேறிவிடும், திரும்பி வராது. சமரசம் முறிந்தால் வழக்கு மறுபடி அதே கோப்புக்கு வரும். நடுவர் வழியில் அந்தக் கதவு கிடையாது. இந்தச் செய்தி வக்கீல்களுக்குத் தெரிந்திருந்தது. கட்சிக்காரர்களில் ஒருவருக்குத் தெரியவில்லை.

இரு வக்கீல்களும் வாய்மொழியாகச் சம்மதித்தார்கள். நீதிபதி ஏற்கவில்லை. வக்கீலின் வாய்ச் சம்மதம் போதாது, கட்சிக்காரர்களே எழுத்தில் தர வேண்டும் என்பது 2018-இல் கேரள மின்வாரிய வழக்கில் தீர்ந்த விஷயம். இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோ கேட்டார்.

மெமோ வந்தது, ஆறே வரி. ஆலைக்காக ஒரு பங்குதாரர் கையெழுத்திட்டிருந்தார். அதையும் நீதிபதி திருப்பிக் கொடுத்தார். காரணம் பலர் மறந்துவிடும் ஒரு பிரிவு: கூட்டாண்மைச் சட்டம் 1932, 19(2)(ஏ). வணிக வழக்கம் வேறாக இல்லாத பட்சத்தில், நிறுவனத்தின் தகராறை நடுவரிடம் ஒப்படைக்கும் அதிகாரம் ஒரு பங்குதாரருக்குத் தானாகக் கிடையாது. சரக்கு வாங்கலாம், பணம் கொடுக்கலாம், காசோலையில் கையெழுத்துப் போடலாம், இதை மட்டும் தனியாகச் செய்ய முடியாது. கோயம்புத்தூரில் இருந்த இன்னொரு பங்குதாரர் வந்து கையெழுத்திட இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தை நஷ்டம் என்று சொல்ல மாட்டோம். கையெழுத்து விட்டுப்போயிருந்தால், கடைசியில் பணம் கட்டச் சொல்லும்போது “நான் சம்மதிக்கவே இல்லை” என்று அவர் எழுந்து நின்றிருப்பார்.

இரண்டாவது மெமோ ஒன்றரைப் பக்கம். ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவர் தனி நடுவர். வழக்குரையும் எதிருரையுமே கோரிக்கை உரை, மறுப்புரை என்று கொள்ளப்படும். அமர்வு பாளையங்கோட்டையில், மொழி தமிழ். கட்டணம் ₹60,000, ஆளுக்குப் பாதி. 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி போட்டால் இந்தத் தொகைக்கு ₹69,522, தனி நடுவர் என்பதால் அதில் 25 சதவீதம் கூட்டி ₹86,903 வரும். இந்தமாதிரி வழக்கில் அட்டவணைக்குக் கீழே பேசி முடிக்கத் தடையில்லை. பேச வேண்டிய நேரம் நடுவர் அமர்வதற்கு முன்பு; அமர்ந்த பிறகு அவரிடமே கட்டணம் குறைக்கச் சொல்வது யாருக்கும் நன்றாக இருக்காது.

“நடுவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்” என்ற வரியும் மெமோவில் இருந்தது. வழக்கு இனி நீதிமன்றத்துக்குத் திரும்பாது என்ற வரி இல்லை.

அனுப்பும் உத்தரவு வந்த அன்றே வியாபாரி தரப்பு நீதிமன்றக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டது. தீர்வு வந்தபின் வாருங்கள் என்று அலுவலகம் முதலில் சொன்னது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் பிரிவு 69ஏ, பிரிவு 89-இன்படி அனுப்பியவுடனேயே கட்டணத்தைத் திருப்பலாம், தீர்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறது. பிரிவை எடுத்துக் காட்டியதும் உத்தரவாயிற்று.

நடுவர் முன் நடந்தது

முதல் அமர்வில் நடுவர் தனக்கு இரு தரப்போடும் தொடர்பில்லை என்ற எழுத்து அறிவிப்பைக் கொடுத்து, தேதிகளை முடிவு செய்தார். சனிக்கிழமைகளில் மொத்தம் ஏழு அமர்வு.

வியாபாரியின் வக்கீல் எடுத்த முதல் அடி எதிருரையின் அந்த ஒரு வரி. ஒத்துக்கொண்ட ₹4,84,000-க்கு இடைக்காலத் தீர்ப்பு வேண்டும் என்று 1996 நடுவர் சட்டத்தின் பிரிவு 31(6)-இன் கீழ் கேட்டார். பேச்சுவார்த்தைக்காகச் சொன்ன தொகை அது என்று ஆலை மறுத்தது. எதிருரையில் உறுதிமொழியோடு எழுதியதைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது என்று நடுவர் தீர்ப்பளித்தார். வக்கீல் நோட்டீஸ் போய் சரியாகப் பன்னிரண்டாம் மாதத்தில் அந்தப் பணம் வந்து சேர்ந்தது. மீதிச் சண்டையின் சூடு அன்றோடு பாதி இறங்கியது.

மூட்டை எடைக்கு எடைமேடைச் சீட்டுகள்தான் ஆதாரம். 14 லோடில் 11-க்குச் சீட்டு படிக்க முடிந்தது. மூன்று சீட்டு வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தன. வெப்பத்தில் அச்சாகும் தாளை லாரி டேஷ்போர்டில் வெயிலில் போட்டு வைத்தால் அதுதான் கதி. படிக்க முடிந்த 11 லோடில் 1,414 மூட்டை, சாக்கோடு 1,07,464 கிலோ, அதாவது மூட்டைக்கு 76 கிலோ. சாக்கின் எடை எவ்வளவு? வியாபாரி அரைக் கிலோ என்றார், ஆலை ஒன்றேகால் என்றது. நடுவர் ஆலைக்கே போனார். ஆலையாட்கள் தைத்த பழைய சாக்குகளை மேலே எடுத்து வைத்திருந்தார்கள். அதைத் தொடாமல், 100 சாக்கு அடுக்கில் ஐந்தில் ஒன்று என 20 சாக்கை உருவச் சொல்லி மேடைத் தராசில் போட்டார். 18 கிலோ. சாக்குக்கு 900 கிராம். அங்கேயே குறிப்பு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். மூட்டைக்கு 75.1 கிலோ நெல், மங்கிய மூன்று லோடுக்கும் அதே சராசரி. ஆக 1,35,180 கிலோ, ₹27,03,600. 77 என்ற வியாபாரியின் எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவராலும் பதில் சொல்ல முடியவில்லை, “வழக்கம்” என்றார்.

ஈரத்துக்கு ஆலையின் சொந்தப் பதிவேடே சாட்சி. அதைக் கொண்டுவரச் செய்ய இரண்டு அமர்வு ஆனது. மீட்டர் அளவுகளை லோடு எடையோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் 21 இல்லை, 19.5 சதவீதம். தண்ணீர் எடையை மட்டும் கழிக்கும் சரியான கணக்கு 80.5-ஐ 83-ஆல் (நூறில் 19.5-உம் 17-உம் ஈரம் போக மிஞ்சுவது) வகுப்பது. கழிவு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல், ₹81,434. ஆனால் முந்தைய கார் பருவத்தில் இதே இருவரும் சதவீதத்துக்கு ஒரு கிலோ வீதம் கழித்துக் கணக்கு முடித்திருந்தது நோட்டில் இருந்தது. ஒப்பந்தத்தையும் வணிக வழக்கத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற பிரிவு 28(3)-ஐ ஒட்டி, நடுவர் அந்தப் பழைய வழக்கத்தையே எடுத்து 2.5 சதவீதம், ₹67,590 கழித்தார். விஞ்ஞானக் கணக்கு ஆலைக்கு ஏறத்தாழ ₹13,800 கூடுதலாகத் தந்திருக்கும். ஆனாலும் நடுவர் செய்ததுதான் சரி என்பது எங்கள் கருத்து: எழுதாத ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதை இருவரும் நடந்துகொண்ட விதம்தான் சொல்லும்.

ரொக்கத்தில் ஒரு ₹1,50,000-க்கு வியாபாரியின் நோட்டிலேயே “தரகர் கை 1½” என்று பென்சில் குறிப்பு இருந்தது. குறுக்கு விசாரணையில் அவர் அதை மறுக்கவில்லை. இன்னொரு ₹1,50,000 தரகர் சொல்லில் மட்டும் இருந்தது. ஆலையின் பேரேட்டிலேயே பதிவில்லை. முதலாவதுக்கு மட்டும் வரவு கிடைத்தது.

தீர்ப்பு

₹27,03,600-இல் ஈரக் கழிவு போக ₹26,36,010. வங்கி வழி வந்த ₹17,00,000-உம் ரொக்கம் ₹1,50,000-உம் போகப் பாக்கி ₹7,86,010. இடைக்காலத் தீர்ப்பில் வந்த ₹4,84,000 கழிந்து ₹3,02,010.

வட்டி 18 சதவீதம் என்பதற்கு எழுத்து ஆதாரம் இல்லாததால் 9 சதவீதம், நோட்டீஸ் தேதியிலிருந்து. முழுப் பாக்கிக்கு ஓராண்டு, மீதிக்கு ஆறு மாதம்: இரண்டும் சேர்ந்து ₹84,331. தீர்ப்புத் தொகை ₹3,86,341, செலுத்தும் நாள் வரை 9 சதவீதம். நோட்டீஸிலிருந்து பதினெட்டு மாதம். உரைகள் முடிந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்ற பிரிவு 29ஏ கெடுவுக்குள் வசதியாகவே வந்தது.

அதன் பிறகு

ஆலையின் மூத்த பங்குதாரர் தீர்ப்பை ஏற்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதிவிட்டு, பழைய வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், நீதிமன்றம் அனுப்பும் நடுவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மறுக்கலாம், வழக்கு முதலிலிருந்து நடக்கும் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. கலிபோர்னியா போன்ற இடங்களில் நீதிமன்றமே கட்டாயமாக அனுப்பும் நடுவர் விசாரணை அப்படித்தான்: முன்கூட்டிக் கட்டுப்பட ஒப்புக்கொள்ளாத தரப்பு கெடுவுக்குள் புது விசாரணை கேட்கலாம். சம்மதம் கேட்காமல் அனுப்புவதால் மறுக்கும் உரிமை அங்கே மிச்சம் இருக்கிறது. இங்கே பிரிவு 89-இல் சம்மதித்தால்தான் போக முடியும், போனால் 1996 சட்டம் முழுதாகப் பொருந்தும். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

மனு தள்ளுபடியானது. அதற்குள் தீர்ப்பின் கையெழுத்துப் பிரதி கிடைத்து எழுபத்தைந்து நாள் ஓடியிருந்தது. தீர்ப்பை ரத்து செய்யக் கோர பிரிவு 34 தருவது மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னொரு 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. சாட்சியத்தை மறுபடி எடைபோடவும் அந்தப் பிரிவில் இடமில்லை. சாக்கு 900 கிராமா ஒரு கிலோவா என்று மறுபடி கேட்க முடியாது. வக்கீல் இதை விளக்கியபின் ஆலை மனுப் போடாமல் விட்டது. பணமும் தரவில்லை.

வியாபாரி கெடு முழுவதும் கழியும்வரை காத்திருந்து நிறைவேற்று மனுப் போட்டார். அங்கே ஒரு சிறு தடங்கல். தீர்ப்பு வெள்ளைத் தாளில் இருந்தது. நடுவர் தீர்ப்புக்கு முத்திரைத் தீர்வை உண்டு; நிறைவேற்றும் கட்டத்தில்தான் அந்தக் குறை தலைதூக்கும். தீர்வை கட்டி முடிக்கச் சில வாரம். ஆலையின் நடப்புக் கணக்கைப் பற்றுகை செய்ய (கடனுக்காக முடக்க) கேட்ட மனுவில் நோட்டீஸ் போனதும், தீர்ப்பு வந்து ஆறாம் மாதம், இடைப்பட்ட வட்டி ₹17,385-உம் சேர்த்து ₹4,03,726 ஒரே காசோலையில் வந்தது.

வேறுவிதமாகச் செய்திருக்கக்கூடியவை

கூட்டு மெமோவில் “வழக்கு இத்துடன் நீதிமன்றத்தை விட்டு வெளியேறுகிறது, நடுவர் தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் இந்த வழக்கு திரும்ப நடக்காது” என்று பச்சைத் தமிழில் தனி வரியாக எழுதி, அதன் கீழே கட்சிக்காரர்கள் தனியாகக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உத்தரவில் அது ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொல்ல ஆளில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஆறு மாதமும் இரண்டு மனுச் செலவும் மிச்சம்.

ஆலையின் ஈரப்பதப் பதிவேட்டையும் இரு தரப்பு நோட்டுகளையும் நடுவர் அமர்வதற்கு முன்பே, மெமோவோடு சேர்த்து ஒப்படைக்க வைத்திருக்கலாம். சாக்கை எடை போட்ட அன்று மாலை இரு தரப்பும் தளர்ந்துதான் இருந்தன. பிரிவு 30 நடுவர் முன்னிலையிலேயே சமாதானமாகி, அதையே தீர்ப்பாகப் பெற வழி தருகிறது. அடுத்த தேதி கொடுக்காமல் அன்றே ஒரு மணி நேரம் பேச விட்டிருந்தால் ஏழு லட்சத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும் என்று நினைக்கிறோம். சட்டப்பணிகள் ஆணைக்குழு அழைத்தபோதே ஆலைத் தரப்பு போயிருந்தால் இதில் எதுவுமே வேண்டியிருந்திருக்காது. தாங்கள் ஒத்துக்கொண்ட தொகையையாவது அங்கேயே கொடுத்து வட்டியை நிறுத்தியிருக்கலாம்.

இருவருக்கும் இடையே வியாபாரம் மீளவில்லை. வியாபாரி இப்போது வேறு ஆலைக்கு லோடு அனுப்புகிறார். எடைமேடைச் சீட்டை லாரி கிளம்பும் முன்பே ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் சாக்கு எண்ணிக்கையும் ஈர அளவும் எழுதி, இறக்குகிற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியைத் திருப்பச் சொல்கிறார்.